நாயோட வாக்கிங், அதே ஆறு, அதே ஃபிரேம்: வருஷம் முழுக்க ஒரே இடத்தை போட்டோ எடுக்கறது எப்படி

தினமும் நாயைக் கூட்டிட்டு ஆத்தங்கரைப் பக்கம் போறவங்களுக்குத்தான் இது. பெரிய கேமரா வேண்டாம், போன் போதும். ஒரு கையில சங்கிலி இருக்கறப்ப பெரிய கேமரா ஒரு தொல்லைதான், நான் ரெண்டு மாசம் தூக்கிட்டுப் போயிட்டு வீட்லயே வச்சிட்டேன்.

ஸ்டெப் 1: இடம். அழகான இடத்தைத் தேடாதீங்க, நாய் தானா நின்னு மோப்பம் பிடிக்கிற இடத்தைப் புடிங்க. அங்கதான் உங்களுக்கு அரை நிமிஷமாவது கிடைக்கும்.

ஸ்டெப் 2: இங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். ஆறு மாசப் படத்தை வரிசையா ஓட்டிப் பாத்தா அக்கரை மரம் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு பக்கம் நகர்ந்து இருந்துச்சு, சரி கிராப் பண்ணா சரியாயிடும்னு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து பண்ணேன், ஆகல. ஏன்னா நீங்க ரெண்டு அடி தள்ளி நின்னாலே கிட்ட இருக்கிற பொருள் நிறைய நகரும், தூரத்துல இருக்கிறது கொஞ்சமாதான் நகரும், அந்த வித்தியாசத்தை எந்த கிராப்பும் சரி பண்ணாது. அதனால கிட்ட ஒண்ணு, தூரத்துல ஒண்ணுன்னு ரெண்டு அடையாளம் வச்சுக்கோங்க. எனக்கு இக்கரைல ஒரு மரக்கட்டை, அக்கரைல ஒரு மரத்தோட அடி. ரெண்டும் நேர்க்கோட்டுல வந்தா சரியான இடத்துல நிக்கிறேன்னு அர்த்தம். உயரமும் முக்கியம், எப்பவும் நெஞ்சு உயரத்துலயே போனைப் புடிங்க. கிரிட் லைனை (திரையில குறுக்கும் நெடுக்குமா வர்ற கோடு) ஆன் பண்ணி அக்கரையை ஒரே கோட்டுல வைங்க. எப்பவும் 1x லென்ஸ்தான், ஜூம் பக்கமே போகாதீங்க.

ஸ்டெப் 3: வெளிச்சம். திரையில அழுத்திப் புடிச்சா ஃபோகஸ், எக்ஸ்போஷர் (படம் எவ்வளவு வெளிச்சமா வரணுங்கறது) ரெண்டும் லாக் ஆகும். மூடுபனி அன்னிக்கு கேமரா அந்த வெள்ளையைப் பாத்து ஏமாந்து படத்தை சாம்பலாக்கிடும், எக்ஸ்போஷரை +0.7லேர்ந்து +1 வரைக்கும் ஏத்துங்க. (ராத்திரி வானம் தெளிவா, காத்தில்லாம, குளிரா இருந்துச்சுன்னா மறுநாள் விடியக்காலைல தண்ணி மேல பனி நிக்க நல்ல சான்ஸ், அன்னிக்கு மட்டும் அலாரம் வைங்க.) ஒயிட் பேலன்ஸை (படத்தோட நிறம் மஞ்சளா நீலமாங்கறதை சரி பண்ற செட்டிங்) ஆட்டோல விடாதீங்க, 5500 கெல்வின்ல நிறுத்திடுங்க. இல்லன்னா இலை பழுக்கிற காலத்து மஞ்சளையும் குளிர்கால நீலத்தையும் போனே "சரி" பண்ணி எல்லா மாசத்தையும் ஒரே மாதிரி ஆக்கிடும்.

ஸ்டெப் 4: நாய். முதல்ல காலி ஃபிரேம், அப்புறம்தான் நாயோட ஒண்ணு. ஓடற நாய்னா ஷட்டர் வேகம் 1/500 செகண்டோ அதைவிட வேகமாவோ இருக்கணும். தண்ணில இறங்கிட்டு வந்து உதறும், லென்ஸைத் துடைச்சிட்டு எடுங்க. நான் ஒரு வாரப் படம் பூரா மங்கலா எடுத்துட்டு போன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன், பாத்தா அது நக்குன தடம்.

ஃபைல் பேரை தேதியில ஆரம்பிங்க, 2024-11-03 மாதிரி. வரிசை தானா வந்துடும்.

அப்டேட்: படிச்சிட்டு செஞ்சு பாத்த ஒருத்தர், வெள்ளம் வந்து கிட்ட இருந்த அடையாளமே முங்கிப்போச்சுன்னு சொன்னார். நியாயம்தான், நான் இதை யோசிக்கவே இல்ல. கரைக்கு மேல, தண்ணி ஏறாத இடத்துல இன்னொரு அடையாளமும் வச்சுக்கோங்க. தூரத்து அடையாளமா கிளையையோ புதரையோ எடுக்காதீங்க, இலை வந்தா மறைஞ்சிடும். பாலத்துத் தூண் இருந்தா அதையே வைங்க.