வீட்டில் ஒருவர் வேதத்தில் சேர்ந்தால்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் இந்து வீட்டு மகனோ மகளோ வேதத்தில் சேர்ந்துவிட்டால், அதாவது கிறிஸ்துவராகிவிட்டால், விஷயம் ஒரே ராத்திரியில் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த முதல் வாரத்தில் வாயிலிருந்து விழும் சொல்தான் பல வருஷத்துக்கு நிற்கும். அதனால் பெரியப்பா, மாமா, கோயில் தலைவர் என்று கூட்டம் கூட்டாதீர்கள். பெற்றவர்கள் மட்டும் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சபை? ஞானஸ்நானம் ஆகிவிட்டதா? வீட்டுக் காரியங்களில் எதைச் செய்வாய், எதைச் செய்ய மாட்டாய்?

சபை எது என்பது முக்கியம். கத்தோலிக்கத்தில் பெரியவர்களுக்குப் பல மாதம் வகுப்பு நடக்கும். திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தின இரவில்தான். பொட்டு, பூ, தாலி எதற்கும் அங்கே தடை கிடையாது. மதுரையில் ராபர்ட் தெ நோபிலி என்ற பாதிரியார் கிளப்பிய வழக்கில், சேர்ந்தவர்கள் சந்தனம், குடுமி, பூணூல் வைத்துக்கொள்ளலாம் என்று ரோம் 1623-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. லுத்தரன், மெதடிஸ்ட் சபைகள் கைக்குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும். பெந்தெகொஸ்தேயில் விவரம் தெரிந்தவர்களுக்கு மட்டும், அதுவும் தண்ணீரில் முழுக்கி. பொட்டையும் நகையையும் கழற்றச் சொல்வது அந்தச் சபைகளில்தான் அதிகம்.

சண்டை மூளும் இடம் ஒன்று உண்டு. அம்மா மனசார, "யேசு படத்தையும் சாமி மேடையில் வைத்துக்கொள்ளேன்" என்பார். எல்லாம் ஒரே சாமிதான் என்று வளர்ந்தவருக்கு அது விட்டுக்கொடுப்பது. மகனுக்கோ, தான் எடுத்த முடிவையே இல்லை என்று சொன்ன மாதிரி இருக்கும். கிறிஸ்துவத்தில் திருமுழுக்கு வாழ்நாளில் ஒரே தடவை. கும்பிடுவது ஒருவரை மட்டும். அவரைப் பற்றி மற்றவருக்குச் சொல்வதும் கட்டளை. மகன் பதிலுக்கு முனியாண்டியைப் பேய் என்று சொல்லிவிட்டால், அம்மாவுக்கு அது மதப் பேச்சே இல்லை, தாத்தாவைத் திட்டியது. இந்து வீட்டில் வலிப்பது பெரும்பாலும் சாமி மாறியது அல்ல, குலதெய்வப் பூசைக்கும் திதிக்கும் ஆள் குறைந்தது. இரண்டு பேரிடமும் இதை விளக்கிச் சொல்லுங்கள். மேடைக்குப் படமும் வேண்டாம், குலதெய்வத்துக்கு ஏச்சும் வேண்டாம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. மலேசிய அரசியலமைப்பின் 11-வது பிரிவு அவரவர் மதத்தைப் பின்பற்ற உரிமை தருகிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் முடிவு பெற்றோர் அல்லது காப்பாளர் கையில், அது 12(4). வளர்ந்த பிள்ளை மேல் போலீஸ் புகார் கொடுத்துப் பயனில்லை. ஞானஸ்நானப் பெயரை ஐசியில் (அடையாள அட்டையில்) ஏற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. ஏற்றினால் வங்கி, சேமநிதி, நிலப் பட்டா என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். விருந்துக்கு அழைத்த வீட்டில் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் சாப்பிடாதே என்பது பவுல் கொரிந்தியருக்கு எழுதியது. ஆகவே ஆடிப் பூசையன்று கற்பூரம் ஏற்றுவதற்கு முன்பே, அடுப்பிலிருந்து இறக்கிய சர்க்கரைப் பொங்கலில் இரண்டு கரண்டி எடுத்துத் தனி டிபனில் மூடி வைத்துவிடுங்கள். படைத்ததைப் படைக்காதது என்று சொல்லிக் கொடுப்பது பெரிய தப்பு. ஒரு தடவை தெரிந்தால் அப்புறம் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு இதே மரியாதை அந்தப் பக்கத்திலிருந்தும் வர வேண்டும். அது மார்கழியில் வரும். ஐயப்பனுக்கு மாலை போட்ட மச்சான் அப்போது விரதத்தில் இருப்பார். பிரியாணியில் கறியை ஒதுக்கிவிட்டுப் பரிமாறினால் போதாது, சைவத்துக்குத் தனிச் சட்டி வேண்டும்.

கல்யாணத்தில் தவறு நடப்பது தேதி குறிக்கும்போதே. காலையில் கோயில், சாயங்காலம் சர்ச் என்று மண்டபம் பிடித்துவிட்டுப் பிறகு பாதிரியாரிடம் போவார்கள். ஒரே திருமணச் சம்மதத்தை இரண்டு மதச் சடங்கில் கொடுப்பதைக் கத்தோலிக்கச் சட்டம் தடுக்கிறது. முதலில் பாதிரியாரைப் பாருங்கள். ஞானஸ்நானம் பெறாதவரைக் கட்ட ஆயரின் அனுமதி தேவை. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பது கத்தோலிக்கத் தரப்பு மட்டும்தான். இந்துப் பெண்ணிடம் அதைத் தெரியப்படுத்துவார்கள். அவள் மதம் மாற வேண்டியதில்லை. தாலியைச் சர்ச்சிலேயே கட்டலாம். பரிசம், நலங்கு, மருதாணி எல்லாம் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சாவு வீட்டில் பேசி முடிவெடுக்க நேரமே இருக்காது. அப்பா நடமாட்டமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். மூத்தவன் கொள்ளி வைக்க மாட்டான் என்றால் இளையவனோ பேரனோ அண்ணன் மகனோ வைக்கட்டும். வாய்க்கரிசியும் வேண்டாம் என்பவன் பாடை தூக்கலாம், மின்சுடலைச் செலவைக் கட்டலாம், பதினாறு நாளும் அம்மா பக்கத்தில் இருக்கலாம். சுடலையில் எல்லார் முன்னாலும் கொள்ளியை அவன் கையில் திணிப்பதுதான் உறவை அறுக்கும்.

வேதத்தில் சேர்ந்து இறந்தவர் தாயாக இருந்தால் சிக்கல் வேறு மாதிரி. எரிப்பதைக் கத்தோலிக்கச் சபை 1963 முதல் அனுமதிக்கிறது. ஆனால் சாம்பலைக் கடலில் கரைக்கக் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-ல் சொல்லிவிட்டது. சாம்பல் கரைக்க லூமுட் கடற்கரைக்கு வண்டி பிடிப்பதற்கு முன் இதைப் பேசி முடியுங்கள்.

சிலர் திரும்பியும் வருவார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கோயிலில் நிறுத்தாதீர்கள்; அப்படிக் கேட்கும் கமிட்டியைப் பெற்றவர்கள் தடுக்க வேண்டும். சமணத்துக்குப் போன அப்பர், சூலை நோயோடு ஆள் அனுப்பியபோது, அக்கா திலகவதியார் சமண மடத்துக்கு வர மாட்டேன் என்றார். தம்பி தானே திருவதிகைக்கு வந்ததும் ஐந்தெழுத்து ஓதித் திருநீற்றைக் கையில் கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. சர்டிபிகேட்டும் தேவையில்லை. சாமி மேடைக்கு முன்னால் இடம் விட்டு, திருநீற்றுத் தட்டை நீட்டுங்கள்.