தோட்டத்துப் பாடகரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த பால்மர (ரப்பர்) காடுகள் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) இடம் விட்டுவிட்டன. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் பலவும் இடிக்கப்பட்டு, அங்கே பிறந்தவர்கள் பட்டணத்துக் குடியிருப்புகளான தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் பாடிய குரல்களில் மிஞ்சியிருப்பவை இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவை. அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையைச் சில ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அவரை இங்கே பாட்டி என்றே குறிப்பிடுகிறேன். உங்கள் ஊரிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார் என்ற நம்பிக்கையில், இந்த வேலையைச் செய்யும் முறையை விளக்குகிறேன். பாடல்களை மட்டும் தொகுத்து ஏடாக்கினால் பாதி வேலைதான் முடியும். அவர் எந்த நிரையில் (மர வரிசையில்) பால் வெட்டினார், எப்போது எழுந்தார், யாரிடம் பாட்டைக் கேட்டார் என்பதும் அந்தப் பாட்டைச் சேர்ந்ததுதான்.

தொடங்கும் முன், அமெரிக்க நாட்டுப்புற இசை (கன்ட்ரி மியூசிக்) பாடகர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை ஊன்றிப் படியுங்கள். நான் படித்தது லொரெட்டா லின்னின் வரலாறு. கென்டக்கி மாநிலத்து மலைப் பள்ளத்தாக்கில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்தவர் அவர். இளம் வயதிலேயே திருமணமாகிப் பிள்ளைகளைப் பெற்ற பிறகு, கணவர் வாங்கித் தந்த 17 டாலர் கிட்டாரில் தாமாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார். 1960இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது, கணவரும் மனைவியும் காரில் வானொலி நிலையம் நிலையமாகச் சென்று அதைக் கொடுத்தார்கள். 1972இல் நாட்டுப்புற இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. விருதைப் பற்றிய வரியைவிட அந்த 17 டாலர்தான் நமக்கு வழிகாட்டுகிறது. வறுமை என்று பொதுவாகச் சொல்வதால் வாசகர் மனத்தில் எதுவும் நிற்பதில்லை, விலை நிற்கிறது. ஆகவே உங்கள் பாடகரிடம் முதல் தப்போ ஆர்மோனியமோ எத்தனை வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வந்தது, அப்போது நாள் கூலி எவ்வளவு என்று கேட்டு, இரண்டையும் அருகருகே எழுதுங்கள்.

அடுத்தது பிறந்த ஆண்டு. லொரெட்டா லின் தம் தன்வரலாற்றில் 13 வயதில் திருமணம் நடந்ததாக எழுதியிருந்தார். உலகமும் பல்லாண்டுகள் அப்படியே நம்பியது. 2012இல் ஆவணங்கள் வெளிச்சத்துக்கு வந்தபோது அவர் பிறந்தது 1932 ஏப்ரல் 14 என்றும், மணமான 1948 ஜனவரியில் அவருக்கு வயது 15 என்றும் தெரிந்தது. நம் தோட்டங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் மாதத்தையும் நாளையும் காட்டும் என்றாலும், பெற்றோர் உரிய காலத்தில் பதிவு செய்யாத பிள்ளைகளுக்குப் பின்னாளில் குத்துமதிப்பாகச் சொல்லப்பட்ட தேதியே அங்கே நின்றிருக்கக்கூடும். ஆகவே அட்டையில் உள்ளதையும் அவர் வாயால் சொல்வதையும் தனித்தனியே குறித்து, இரண்டையும் வாசகருக்குக் காட்டுங்கள். ஒன்றைத் திருத்தி மற்றொன்றோடு பொருத்த வேண்டாம்.

ஆண்டைக் கேட்டால் முதியவர்கள் தடுமாறுவார்கள். நிகழ்ச்சியைக் கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். "துரையைச் சுட்ட வருசம் நான் அம்மாவோட மங்கு கழுவப் போனேன் தம்பி" என்று பாட்டி சொன்னார். மங்கு என்பது மரத்தில் பால் வடியும் கிண்ணம். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஆங்கிலேயத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் வரலாறு. அந்த ஒரு வாக்கியத்தால் அவருடைய சிறுவயது முழுவதற்கும் எனக்கு ஒரு முளை கிடைத்தது. இப்படியே ஜப்பான்காரன் காலம், ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) ரயில் பாதைக்கு ஆள் பிடித்த காலம், 1957 சுதந்திரம், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் என ஒவ்வொன்றையும் நினைவூட்டி, அப்போது எந்த லயத்தில் இருந்தார், என்ன பாடினார் என்று கேளுங்கள். வீட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்று நிச்சயம் இருக்கும். அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாட்டியின் டின்னில் மடித்து மடித்துக் கிழிந்த சம்பளச் சீட்டுகளுக்கு அடியில், அவர் கணவர் பெயரில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ் இருந்தது. துண்டாடலில் தோட்டங்கள் கை மாறியபோது, தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க வேண்டும் என்று 1960இல் அப்போதைய அமைச்சர் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. 100 வெள்ளிப் பங்குப் பணத்தைக் கட்டி முடிக்க அந்தக் குடும்பம் எதை விட்டுக்கொடுத்தது என்பதிலிருந்துதான் அந்த அத்தியாயமே எனக்கு எழுத வந்தது.

பதிவு செய்யும் நாளுக்கு முன்பே ஒருமுறை சும்மா போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். பதிவு நாளன்று கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, மடித்த துண்டின் மேல், பாடுபவரின் வாயிலிருந்து ஒரு கை நீளத்துக்குள் வையுங்கள். அழுத்திச் சுருக்காத ஒலிக்கோப்பாகப் பதியும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். என் முதல் பதிவில் அதை நிறுத்தத் தவறியதால், ஓர் ஒப்பாரி முழுவதும் இரைச்சலுக்கு அடியில் புதைந்து போனது. துக்கம் தோய்ந்த அந்தப் பாட்டை மீண்டும் பாடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகரக் கூரை வீடானால் மழைக்கு முந்திய காலை நேரமே நல்லது. சுவர் எதிரொலித்தால் எதிரே ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். பதிவின் தொடக்கத்தில் நாளையும் இடத்தையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் எந்தக் கோப்பு எது என்ற குழப்பம் வராது.

பாடும்போது குறுக்கே பேசாதீர்கள். இருமினாலும், அடி மறந்து நின்றாலும், பேரனை அதட்டினாலும் பதிவு ஓடட்டும். அதே பாட்டை வேறு வேறு நாள்களில் மூன்று முறை பாடச் சொல்லுங்கள். அடிகள் இடம் மாறும், சில புதிதாக முளைக்கும். அது மறதி அன்று, வாய்மொழிப் பாட்டின் இயல்பு. உட்கார வைத்துப் பாடச் சொன்னபோது தயங்கிய பாட்டி, ஒரு நாள் கையில் முறத்தைக் கொடுத்ததும் தாமாகவே பாடத் தொடங்கினார். வேலையோடு பிறந்த பாட்டுக்குக் கையும் அசைய வேண்டும் என்று அன்று புரிந்தது.

கேட்டதைக் கேட்டபடியே எழுத்தில் கொண்டுவருவது இந்த வேலையிலேயே கடினமானது. பாட்டியின் தாலாட்டு ஒன்று இப்படித் தொடங்கும்:

"பெரட்டுக்கு நேரமாச்சு, பேசாமத் தூங்கு சாமி,
ஆயாக் கொட்டாயி தூரமாச்சு, அழுவாமத் தூங்கு சாமி."

ஆயாக் கொட்டாயி என்பது வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் கொட்டகை. தாலாட்டின் முதல் சொல்லைப் புரட்டு என்று நான் திருத்தி எழுதியிருந்தேன். விடியற்காலையில் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்ததே பெரட்டு. அதற்குத் தவறினால் அன்றைய கூலி இல்லை. அந்த அச்சத்தில் தாய் பிள்ளையிடம் கெஞ்சுவதை என் திருத்தம் அடியோடு அழித்துவிட்டிருந்தது. ஆகவே பேச்சு வழக்கை இலக்கணத்துக்கு ஏற்ப மாற்றாதீர்கள். காண்டா, மங்கு, ஒட்டுப்பால், கிராணி போன்ற சொற்களை அப்படியே விட்டு, பொருளைத் தனிப் பட்டியலாகப் பின்னால் கொடுங்கள்.

உரிமையைப் பற்றி, பதிவுக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். அமெரிக்காவில் கார்ட்டர் குடும்பம் 1927இல் பிரிஸ்டல் நகரில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடியது. அதன் தலைவர் ஏ.பி. கார்ட்டர் பின்னர் மலைக் கிராமங்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது, லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர் உடன் சென்றார். கார்ட்டர் சொற்களை எழுத, ரிடில் மெட்டை மனத்தில் ஏற்றிக்கொண்டு வருவார். இசைத்தட்டில் அச்சானது கார்ட்டரின் பெயர். பாட்டைப் பாடிக் கொடுத்தவர்களும் மெட்டைச் சுமந்தவரும் வெளியே நின்றார்கள். எங்கள் வட்டாரத்திலும் பாட்டியின் பாட்டு ஒன்றை மேடையில் ஒருவர் தம் சொந்தப் படைப்பாகப் பாடினார். பாட்டி முன்வரிசையில்தான் அமர்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதன்பின் இரண்டு மாதம் எனக்கு எதையும் பாடிக் காட்டவில்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாடலை இயற்றியவருக்கு வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் வழிவழியாக வந்த பாட்டுக்கு இயற்றியவர் யாரென்று தெரியாது. எனவே யாரிடம் கற்றார், எந்த அடியைத் தாமே சேர்த்தார் என்பதை ஒவ்வொரு பாட்டின் கீழும் எழுதுங்கள். இணையத்தில் போடலாமா, குடும்பத்தோடு நிற்க வேண்டுமா என்பதையும் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியே கேளுங்கள். ஒப்பாரி பெரும்பாலும் குடும்பத்துக்கு உரியது.

எழுத உட்காரும்போது பிறப்பில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு வேலை நாளில் தொடங்குங்கள்: இருட்டில் அடுப்பு மூட்டுவது, பெரட்டு, வெயில் ஏறுமுன் மரத்தை வெட்டி முடிப்பது, நிறைந்த வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வருவது. எந்த இடத்தில் எந்தப் பாட்டு வந்ததோ அந்த இடத்தில் அதை முழுமையாகக் கொடுங்கள். பொன்னாடை போர்த்திய விழாக்களை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். கணவரின் கள்ளுக்கடைப் பழக்கம், இறந்துபோன பிள்ளை போன்றவற்றை அவர் சொன்ன அளவுக்கு மேல் தோண்ட வேண்டாம்.

எழுதி முடித்ததும் முழுவதையும் அவர் எதிரில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பெரட்டு திருத்தப்பட்டது அப்படிப் படித்தபோதுதான். ஒலிக்கோப்பின் மூன்று படிகளை மூன்று இடங்களில் வையுங்கள். ஒன்று குடும்பத்திடம் இருக்கட்டும். அச்சுப் படியைப் பெரிய எழுத்தில் எடுத்து, கடைசியில் சில வெற்றுப் பக்கங்களை விட்டுக் கட்டுங்கள். பாட்டிக்குப் படியைக் கொடுத்து ஒரு வாரம் கழித்துத்தான் அந்தத் தாலாட்டின் இன்னோர் அடி அவருக்கு நினைவு வந்தது; அது அந்த வெற்றுப் பக்கத்தில் பேத்தியின் கையெழுத்தில் இருக்கிறது.