சீகோங்: இறுக்கிப் பிடித்தால் நழுவிவிடும்

சீகோங் என்பது மெதுவான அசைவையும் மூச்சையும் இணைக்கும் சீனப் பயிற்சி. Qigong என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பலர் ‘கிகாங்’ என்கிறார்கள். சீனர்கள் சொல்வது கிட்டத்தட்ட ‘ச்சீகோங்’. ச்சீ என்றால் மூச்சு, காற்று, உயிராற்றல் என்று எல்லாமும்தான். கோங் என்பது நாள்பட்ட உழைப்பில் கைவரும் தேர்ச்சி. அந்த நாள்பட்ட உழைப்பை மறந்துவிட்டு ஆற்றலை மட்டும் அள்ளப் பார்ப்பதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

சீகோங்கில் அசைவு வரிசைகள் ஏராளம். நான் பழகியது பாதுவான்ஜின், அதாவது ‘எட்டுத் துண்டுப் பட்டு’. அதை வைத்தே சொல்கிறேன். 12ஆம் நூற்றாண்டுச் சீன எழுத்துகளிலேயே இந்தப் பெயர் வருகிறது. 2003இல் சீன அரசின் விளையாட்டுத் துறை சீர்செய்து வெளியிட்ட நான்கு வரிசைகளில் இதுவும் ஒன்று. எட்டே அசைவுகள், மொத்தம் 12 நிமிடம்போல ஆகும்.

பெரிய தவறு மூச்சில். நம்மவர்களுக்குப் பிராணாயாமம் கொஞ்சம் தெரியும். ஆகவே கையை மேலே தூக்கியதும் தானாகவே கும்பகம் போட்டு மூச்சை அடக்கிவிடுவார்கள். இங்கே தொடக்கக்காரர்களுக்கு அது வேண்டாம். தொண்டையை அடைத்து வயிற்றையும் இறுக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும். இரத்த அழுத்தம் எகிறும், பிறகு சட்டென்று இறங்கும். தலை சுற்றுவது அதனால்தான். ஏற்கெனவே அழுத்த நோய் உள்ளவருக்கு இது விளையாட்டல்ல. மூச்சு மெலிதாக, சீராக, நீளமாக இருக்க வேண்டும் என்றுதான் சீன ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்த நீளமும் மாதக்கணக்கில் தானாக வர வேண்டியது. அசைவு மெதுவாக இருந்து, அது முடியும் முன்பே உங்களுக்கு மூச்சு தீர்ந்துபோனால், நடுவில் இன்னொரு மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் மதிப்பெண் குறைக்கப்போவதில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் வேடிக்கை. சிலர் ‘ஆழ்ந்த மூச்சு’ என்று நினைத்துக்கொண்டு துருத்திபோல இழுத்து இழுத்து விடுவார்கள். இரண்டு நிமிடத்தில் விரல் நுனியும் உதடும் குறுகுறுக்கும். “ச்சீ ஓடுது!” என்று முகம் மலரும். ஓடுவது ச்சீ அல்ல. அளவுக்கு மீறி மூச்சு வாங்கியதில் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். சாதாரணமாக மூச்சுவிட்டால் போய்விடும். உடம்பு தளரும்போது உள்ளங்கை வெதுவெதுப்பாவது உண்டு. வந்தால் வரட்டும், நேற்று வந்தது இன்று ஏன் வரவில்லை என்று தேடத் தொடங்கினால் பயிற்சி அங்கேயே கெட்டது. சீனத்தில் இதற்கென்றே பழைய எச்சரிக்கை இருக்கிறது: ‘தீ தடம் மாறி ஓடும், பேய் உள்ளே புகும்’. 1980களில் சீனா முழுக்கச் சீகோங் மோகம் பிடித்து ஆட்டியபோது, உணர்ச்சிகளைத் துரத்தி மனநிலை பிறழ்ந்தவர்களும் இருந்தார்கள். 1994இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டிலேயே இந்தக் கோளாறு இடம்பெற்றது. மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மணிக்கணக்கில் கண்மூடி நிற்கும் முறைகளின் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

அடுத்தது தோள். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காலையில் சீன முதியவர்கள் சிலர் பழகுவார்கள். அவர்களோடு நானும் நின்றேன். முதல் அசைவு, இரு கைகளால் வானத்தைத் தாங்குவது. நான் காதுவரை தோளை ஏற்றிக்கொண்டு, முகத்தை வேறு இறுக்கிக்கொண்டு, நிஜமாகவே வானத்தைத் தூக்கினேன். பின்னாலிருந்து ஒரு ஆண்ட்டி வந்து இரண்டு தோளையும் உள்ளங்கையால் மெல்லக் கீழே அழுத்தினார். “சோங், சோங்.” தளர்த்து என்று அர்த்தம். அந்தச் சொல்லின் பழைய எழுத்து வடிவத்தில் மேலே இருப்பது கூந்தலைக் குறிக்கும் பகுதி என்று பிறகு தெரிந்துகொண்டேன். முடிச்சை அவிழ்த்துவிட்ட கூந்தல் எப்படி விழுமோ, அப்படி. துவண்டுபோவதும் அல்ல, நிமிர்ந்த முதுகிலிருந்து தோள் தொங்க வேண்டும்.

முழங்கால் விஷயத்தில் வீம்பு கூடாது. இரண்டாவது அசைவில் குதிரைமேல் இருப்பதுபோல் கால் விரித்துத் தாழ்ந்து, வில் வளைத்துக் கழுகை எய்ய வேண்டும். காணொளியில் வரும் இளைஞரைப் பார்த்து அதே ஆழத்துக்கு இறங்காதீர்கள். முழங்கால் உட்பக்கம் மடியாமல், பாதவிரல் நோக்கும் திசையிலேயே இருக்கிற உயரம் எதுவோ அதுதான் உங்கள் உயரம். அரையடி மட்டும் தாழ்ந்தாலும் வில் வில்தான்.

ஆறாவது அசைவில் குனிந்து பாதம் தொட வேண்டும். கண்ணழுத்த நோயோ (குளுக்கோமா) முதுகுத் தட்டு (டிஸ்க்) பிதுக்கமோ இருப்பவர்கள் முழங்காலோடு நிறுத்திக்கொள்ளலாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது. எட்டாவதில் குதிகாலைத் தூக்கி ஏழு முறை இறக்குவார்கள். ‘முதுகு ஏழு முறை அதிர நூறு நோயும் போகும்’ என்பது அதன் சீனப் பெயர். அதை நம்பி நான் தொம்மென்று இறக்கி, பல் கிடுகிடுத்து, அன்று முழுக்கத் தலைவலியோடு இருந்தேன். பாதி தூரம் மெதுவாக இறக்கி, கடைசியில் லேசாகத் தட்டினால் போதும். எலும்பு தேய்ந்தவர்களுக்கு அந்தத் தட்டலும் வேண்டாம்.

நூறு நோய் என்பதைச் சொல்லழகாக எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையையோ அழுத்த மாத்திரையையோ நீங்களாக நிறுத்துவது இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான தவறு. ‘ஐயாயிரம் ஆண்டு ரகசியம்’ என்று யாராவது கட்டணம் கேட்டால், சீகோங் என்ற பெயரே உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சிகளுக்கான பொதுப்பெயராகப் பரவலானது 1950களில்தான் என்பதை நினைவில் வையுங்கள். பயிற்சிகள் பழையவை, அதில் சந்தேகமில்லை. சாங்ஷா நகரின் மாவாங்துய் கல்லறையில் கிடைத்த, கி.மு. 168க்கு முந்தைய பட்டோவியத்தில் 44 பேர் கைகால் நீட்டிப் பயிற்சி செய்கிறார்கள். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

முடித்ததும் உடனே கைப்பேசியை எடுக்காதீர்கள். இரு உள்ளங்கைகளையும் தொப்புளுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூச்சு தானாக அடங்கும்வரை சும்மா நில்லுங்கள். வியர்த்திருந்தால் மின்விசிறிக்கு நேராக மட்டும் வேண்டாம்; ஆண்ட்டி திட்டுவார்.