பெல் சோதனை: கோணத்தை நாணயம் முடிவு செய்யட்டும்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கு இது. பின்னிப் பிணைந்த இரு ஃபோட்டான்களின் (ஒளித்துகள்களின்) முடிவுகள், முன்பே எழுதி வைத்த விடைகளால் விளக்க முடியாத அளவுக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே பெல் சோதனை. 405 நானோமீட்டர் லேசர், ஒரு ஃபோட்டானை இரண்டாக்கும் பிபிஓ படிகம், 810 நானோமீட்டர் ஃபோட்டான் இணைகள் எல்லாம் தயார் என்று வைத்துக்கொள்வோம்.

இணையின் ஒரு ஃபோட்டான் ஒரு பக்கம், மற்றது மறுபக்கம் போகும். ஒவ்வொன்றின் முனைவாக்கத்தையும் (ஒளி அதிரும் திசையை) இரு கோணங்களில் ஒன்றில் அளக்க வேண்டும்: ஒரு பக்கம் 0°, 45°, மறுபக்கம் 22.5°, 67.5°. கோணத்தை மாற்ற உதவும் அரை அலைத் தகட்டைத் திருப்பினால் முனைவாக்கத் தளம் இரு மடங்கு திரும்பும். ஆகவே தகட்டில் வைக்க வேண்டியவை 0°, 22.5°, 11.25°, 33.75°. பலரும் இடறுவது இங்கேதான்.

எந்தக் கோணம் என்பதை மனசுக்குத் தோன்றியபடி எடுக்காதீர்கள். மனிதர் கை "இப்போ அது, அடுத்து இது" என்று மாற்றி மாற்றியே போகும். ஒன்றே நாலு முறை தொடர்ந்து வர விடாது. ஒரு ரூபாயை இருமுறை சுண்டுங்கள். பூ-தலை என்றால் அந்தப் பக்கத்தின் முதல் கோணம், தலை-பூ என்றால் இரண்டாவது, இரண்டும் ஒன்றானால் தள்ளுங்கள். சாய்ந்த நாணயமும் இதில் நேர்மையாகிவிடும். இரு பக்கத்துக்கும் தனித்தனி நாணயம், தனித்தனி ஆள்.

காலையில் ஒரு கோணச் சேர்க்கை, மத்தியானம் இன்னொன்று என்று முடிக்கவே கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வெயிலும் ஏற ஏற ஒளிப்பாதை மெல்ல நகரும். அந்த நகர்வு கோணத்தோடு ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். ஒவ்வொரு பத்து விநாடிக்கும் புதிதாகச் சுண்டுங்கள். எண்ணிக்கையைப் பார்த்தபின் எந்தச் சுற்றையும் நீக்காதீர்கள்.

நாலு கோணச் சேர்க்கைகளின் ஒத்துப்போதலையும் சேர்த்துக் கணக்கிடும் எண் S. முன்பே எழுதி வைத்த விடைகளால் அது 2-க்கு மேல் போகாது. எனவே S மதிப்பு 2-ஐத் தாண்ட வேண்டும், குவாண்டம் விதிப்படி உச்சம் 2.83. ஆனால் ஒளி ஒரு நானோவிநாடியில் 30 சென்டிமீட்டர் போய்விடும்; ஒரே மேசைமேல் ஒரு பக்கத் தேர்வு பற்றிய செய்தி அளப்பதற்குள் மறுபக்கம் எட்டிவிடலாம். அதைத் தடுக்க, 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகக் குழு 1.28 கிலோமீட்டர் இடைவெளி விட்டது.