மதுரை மொட்டைமாடியில் நின்று 36,000 கிலோமீட்டர் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

உங்கள் வீட்டு மாடியில் டிடி ஃப்ரீ டிஷ் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. ஒரு செயற்கைக்கோள்கூட விண்வெளிக்குப் போகாத காலத்தில், அங்கே போயே தீருவோம் என்று நம்பிய சிலர் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டார்கள்: எந்த உயரத்தில் ஒரு பொருளைச் சுற்றவிட்டால், அது பூமியோடு சேர்ந்தே நாளுக்கு ஒருமுறை சுற்றி, வானில் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி தெரியும்? அது சரிதானா என்று வில்லாபுரத்திலோ செல்லூரிலோ இருந்துகொண்டே பார்த்துவிடலாம்.

முதலில் கணக்கு. கைபேசி கால்குலேட்டரை எடுங்கள். சந்திரன் பூமியைச் சுற்றிவர 27.3 நாள், அதன் தூரம் 3,84,400 கி.மீ. சுற்றும் காலத்தின் வர்க்கமும் தூரத்தின் கனமும் ஒரே விகிதத்தில் மாறும் என்பது கெப்ளர் விதி. அப்படியென்றால் ஒரே நாளில் சுற்றிவரும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? 27.3-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 745, அதன் கனமூலம் 9.07. 3,84,400-ஐ இதால் வகுத்தால் சுமார் 42,380 வரும், அது பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரம். பூமியின் ஆரம் 6,378-ஐக் கழித்தால் 36,000. உண்மையான அளவு 35,786. சந்திரனின் எடையையும், பூமி ஒருமுறை சுழல 24 மணிக்கு 4 நிமிடம் குறைவாகவே ஆகிறது என்பதையும் நாம் விட்டுவிட்டதால்தான் இந்தச் சின்ன வித்தியாசம்.

1928-லேயே ஹெர்மன் பொடோச்னிக் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் 35,900 என்று எழுதி, அந்த உயரத்தில் மனிதர்கள் தங்கும் சக்கர வடிவ நிலையத்தையே வரைந்து வைத்தார். அடுத்த வருடமே, 36 வயதில் இறந்துபோனார். அப்புறம் 1945 அக்டோபரில் ஆர்தர் கிளார்க். பிரிட்டனின் கோள்களுக்கிடைப் பயணச் சங்கத்து உறுப்பினர், போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடார் வேலை பார்த்தவர். அந்த உயரத்தில் 3 நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில் எழுதினார். ஆனால் அங்கே ஆட்கள் குடியிருப்பார்கள் என்றுதான் அவரும் நினைத்தார். பழைய ரேடியோக்களில் இருந்த மாதிரி வால்வு (வெற்றிடக் குழாய்) வைத்த கருவிகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே! டிரான்சிஸ்டர் வந்து அந்தத் தேவையை இல்லாமல் ஆக்கியது. 1964-ல் சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் ஆள் இல்லாமலே மேலே நின்று டோக்கியோ ஒலிம்பிக்கை அனுப்பியது. ஒன்றை மறைக்கக் கூடாது. ஜெர்மனியின் ராக்கெட் ஆர்வலர்கள் கண்ட கனவு முதலில் நனவானது இரண்டாம் உலகப் போரின் வி-2 ராக்கெட் குண்டாகத்தான், அதைச் செய்ய அடிமைகளாக வேலை வாங்கப்பட்டுச் செத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

சரி, மாடிக்குப் போவோம். ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோளில் இருந்து, அது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கு நேர் மேலே இருக்கிறது. மதுரையில் நின்றால் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில், செல்லூர்க்காரர்களுக்கு ஏறத்தாழ தெப்பக்குளம் இருக்கும் திசையில், அடிவானத்திலிருந்து சுமார் 69 டிகிரி உயரம். டிஷ்ஷின் முகத்தைப் பார்த்தால் இவ்வளவு மேலே பார்ப்பதாகத் தெரியாது, அதை நம்ப வேண்டாம். எல்.என்.பி (டிஷ்ஷின் முன்னால் கம்பி நுனியில் இருந்து சிக்னலை வாங்கும் கருவி) கீழே தள்ளி இருக்கிற மாதிரி வடிவமைத்திருப்பதால், சிக்னல் வரும் திசை முகம் காட்டும் திசையைவிட இன்னும் மேலே இருக்கும்.

இப்போது சூரியனைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். மார்ச் 16-ஐ ஒட்டிய சில நாட்களில் சூரியன் நம் கண்ணுக்கு அந்தச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும், அப்போது சூரியனின் ரேடியோ இரைச்சலில் சிக்னல் சில நிமிடம் மூழ்கிப் படம் கட்டம் கட்டமாக உடையும். மதுரைக்கு இது காலை 11.15 வாக்கில். நான் முதல் வருடம் உச்சி வெயில் என்று நினைத்து 12 மணிக்கு ஏறி, எல்லாம் முடிந்த பிறகு நின்றேன், அதனால் 11 மணிக்கே ஏறிவிடுங்கள்.

நகத்தளவு முகம் பார்க்கும் கண்ணாடிச் சில்லு ஒன்றை இருபக்க டேப்பில் டிஷ்ஷின் நடுவில் ஒட்டுங்கள், கிண்ணத்தோடு படிந்திருக்க வேண்டும். பெரிய கண்ணாடியோ அலுமினியத் தாளோ வேண்டவே வேண்டாம், வெயில் குவிந்து எல்.என்.பி உருகிவிடும். சூரியனை நேராகப் பார்க்கவும் கூடாது, பார்க்க வேண்டியது எல்.என்.பி-யைத்தான். சில்லில் பட்ட ஒளி ஒரு பொட்டாக எல்.என்.பி-யின் பக்கத்தில் விழும், கால் மணி நேரத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் அளவு நகரும். அந்தப் பொட்டு எல்.என்.பி-யின் வாயில் வந்து உட்காரும்போது கீழே இருக்கும் தம்பியோ அக்காவோ "படம் போச்சு" என்று குரல் கொடுப்பார்கள். எனக்கு அந்த நொடியில் உடம்பு சிலிர்த்தது, இன்னும் சிலிர்க்கிறது.

நான்கைந்து நாள் தொடர்ந்து பாருங்கள். சூரியன் நாளுக்கு நாள் வடக்கே நகர்வதால் பொட்டும் தினமும் 3 மில்லிமீட்டர் தள்ளி விழும், ஆனால் டிஷ்ஷை யாரும் திருப்பவில்லை, படமும் மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக வருகிறது. அந்த உயரத்தில் வைத்த பொருள் நகராமல் நிற்கும் என்று அவர்கள் சொன்னது இதுதான்.

முடிந்ததும் சில்லை எடுத்துவிடுங்கள். மார்ச்சில் தவறவிட்டவர்கள் செப்டம்பர் 27-ஐ ஒட்டிப் பார்க்கலாம், அப்போது நேரம் மட்டும் கொஞ்சம் முன்னால், 10.55 வாக்கில்.