அகலக்கால் வைக்காதிருக்க: ஏடிஎச்டி உள்ள தொழில்முனைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் வெளியாகின்றன. அன்று தொடங்கி மார்கழி வரை, அச்சுத் தொழிலுக்குப் புதிதாக வரும் ஏடிஎச்டி (கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) உள்ள இளைஞர்கள், நான் முன்பு செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நாட்குறிப்பு எழுதுவது, அலாரம் வைப்பது போன்ற அறிவுரைகளை அவர்கள் ஏற்கெனவே கேட்டுச் சலித்திருப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேசிய அன்றே முன்பணம் வாங்குவது

ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு உடனே கிடைக்கும் பலன் பெரிதாகவும், தொலைவில் இருக்கும் உழைப்பு மிகச் சிறிதாகவும் தோன்றும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கணிப்பும் பெரும்பாலும் பிசகும். வாடிக்கையாளரின் கடையில் அமர்ந்து புதிய வடிவமைப்பைப் பேசும்போது காலண்டர் மனத்தில் முழுமையாக முடிந்துவிடுகிறது. பண்டிகை நாட்களையும் ராகு காலத்தையும் சரிபார்ப்பது, மெய்ப்புத் திருத்துவது (அச்சுக்கு முன் மாதிரிப் படியில் பிழை பார்ப்பது), கடையின் பெயரை அச்சிடுவது, அட்டையில் பொருத்திக் கட்டுவது ஆகியவற்றுக்கான வாரங்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அந்த உற்சாகத்தில் கொடுத்த சொல்லையாவது மறுநாள் திரும்பப் பெறலாம். வாங்கிய பணம் அதற்குள் வேறொருவரின் தாளுக்குப் போயிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் ஜவுளிக்கடை கொடுத்த முன்பணத்தில் நகைக்கடையின் ஆர்டருக்குத் தாள் வாங்கினார். மார்கழி பிறந்தும் ஜவுளிக்கடைக்கு மெய்ப்புகூடப் போகவில்லை. ஆர்டரைத் திருப்பிவிடப் பணம் இல்லாததால், பணத்துக்காகவே ஒரு பள்ளியின் ஆர்டரையும் ஏற்றார். நோட்டுப் புத்தகம் தாமதமானால் விலையைக் குறைத்தாவது விற்கலாம். பொங்கலுக்குப் பிறகு வந்து சேரும் தினசரிக் காலண்டர் எடைக்குத்தான் போகும். முன்பணம் வாங்காவிட்டால் வாடிக்கையாளர் நழுவிவிடுவார் என்று இன்றும் என்னிடம் வாதாடுகிறார்கள். ஆவணியில் இரண்டு நாள் பொறுக்க மாட்டாதவர் மார்கழியில் எப்படி நடந்துகொள்வார் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

ஆகவே, "விலையையும் தேதியையும் நாளை மறுநாள் எழுத்தில் அனுப்புகிறேன்" என்ற ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லப் பழகுங்கள். அந்தத் தேதியை, உங்கள் உற்சாகத்தில் பங்கில்லாத, இயந்திரத்தை ஓட்டுபவரே குறிக்கட்டும். முன்பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்த ஆர்டரின் தாளுக்கு மட்டும் அதிலிருந்து எடுங்கள். வடிவமைப்பு மட்டும் செய்து தருவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பொருளுக்கான முன்பணத்தின் மீது ஜிஎஸ்டி செலுத்தும் கடமை 2017 நவம்பரில் நீக்கப்பட்டது, சேவைக்கான முன்பணத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

நட்புக்காக இலவசமாக ஏற்பது

பணம் வராத வேலைக்கும் அதே இயந்திரம்தான் ஓட வேண்டும்.

மருந்து தொடங்கியதும் ஆர்டரைக் கூட்டுவது

ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் பலருக்குக் கவனத்தை நிலைநிறுத்த உதவுகின்றன. தெளிவு கிடைத்த முதல் மாதத்திலேயே இருமடங்கு வேலையை ஏற்பவர்கள், அச்சகத்தின் திறன் அப்படியே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். மருந்தின் அளவை மருத்துவர் சரிசெய்து முடிப்பதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். அந்தப் பருவத்தில் ஆர்டர்களின் எண்ணிக்கையை மாற்றாதிருப்பது நல்லது.

தாமதத்தை மறைப்பது

ஐப்பசியில் சொன்னால் வாடிக்கையாளர் வேறு அச்சகத்தைத் தேடலாம். மார்கழியில் தேட முடியாது.

சிறிய ஆர்டரைக் கைவிடுவது

சுமை மீறியபின் பெரும்பாலோர் சங்கடம் குறைவு என்பதற்காகச் சிறிய வாடிக்கையாளரையே கைவிடுகிறார்கள். அவருடைய வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்தால் அதில் மிச்சமாகும் நேரம் சொற்பம். இன்னும் தாள் வாங்காத ஆர்டர் எதுவோ, அது பெரியதாக இருந்தாலும், அதைத்தான் முன்பணத்தோடு முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.