தும்மலும் நிக்கணும், தூக்கமும் வரக்கூடாது

காலைல எந்திரிச்சதும் வரிசையா தும்மல், மூக்குல தண்ணி, கண்ணு அரிப்பு, செட்ரிசின்னு அலர்ஜி மாத்திரை போட்டா நிக்கும் ஆனா மதியம் வரைக்கும் தலை கிண்ணுன்னு இருக்கும், நாள் பூரா பைக்ல சுத்துற எனக்கு அது சரிப்படல. டாக்டர் ஃபெக்சோஃபெனடின் 120 மி.கி. தினம் ஒண்ணுன்னு மாத்தி எழுதினாரு, அது மூளைக்குள்ள அவ்வளவா போகாதாம், அதான் தூக்கம் கம்மி. ஆனாலும் முதல் மாத்திரைய லீவு நாள்ல போட்டுப் பாத்துட்டு தான் வண்டிய எடுத்தேன். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோட மட்டும் முழுங்காதீங்க, மருந்து உடம்புல சரியா சேராது, வெறும் தண்ணி போதும். நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் குடிக்கிறவங்க 2 மணி நேரம் இடைவெளி விடணும். இன்னொண்ணு, மெடிக்கல்ல கிடைக்கிற சளி மாத்திரை நிறையத்துல குளோர்ஃபெனிரமின்னு தூக்கம் வர வைக்கிற அலர்ஜி மருந்து இருக்கும் (அட்டைய திருப்பிப் பாருங்க), அதையும் சேத்துப் போட்டா பழையபடி தூக்கம் தான். கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டர கேக்காம தொடாதீங்க.